கிணத்து நீச்சலும் ட்ரையத்லானும்

ட்ரையத்லான் பத்தி வீட்ல சொன்னதும் வந்த முதல் கேள்வி, "உனக்குத்தான் நீச்சல் தெரியுமே, அப்புறம் என்ன ட்ரெய்னிங்?" நியாயமான கேள்விதான். ஆனா தென்காசி வயக்காட்டுக் கிணத்துல படிச்ச நீச்சல் வேற ஜாதி மக்களே. இடுப்புல சுரைக்குடுவையோ லாரி ட்யூப்போ கட்டி மேலேருந்து தள்ளிவிடுவாங்க. முங்காம படிக்கட்டைப் பிடிக்கணும். சிலபஸ் அவ்ளோதான் :-)

ஒலிம்பிக் தூரம்னா 1.5 கிலோமீட்டர் நீந்தணும். அதுக்கப்புறம் 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். எங்க தோட்டத்துக் கிணறு கரைக்குக் கரை சுமார் 10 மீட்டர். 150 தடவை போய் வந்து போகணும். "குற்றாலம் பக்கத்துலதானே, அங்க போய் அடியேன்"னு மெட்ராஸ் நண்பர் சொல்றார். அருவி குளிக்கறதுக்குங்க, நீந்தறதுக்கு இல்ல. மெயின் அருவித் தண்ணி வழியில பொங்குமாங்கடல்ங்கற பள்ளத்துல விழுந்து, பொங்கித்தான் கீழ வருது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் 17 வயசுப் பையனைக் கொண்டு போயிடுச்சு. அதனால நமக்குக் கிணறே போதும்.

நம்மாளுங்க தலையைத் தூக்கிட்டே அடிப்போம். தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ போகும். அப்புறம் மொத்த உடம்பும் தண்ணியைத் தள்ளிக்கிட்டே போகணும். தண்ணியோட அடர்த்தி காத்தை விட சுமார் 800 மடங்கு. கையில எவ்வளவு பலம் இருந்தாலும் அதுக்கு முன்னால எடுபடாது, உடம்பைக் கிடையா நீட்டினாத்தான் வழி விடும். அதுக்கு முகம் தண்ணிக்குள்ள, பார்வை நேரா அடியில இருக்கணும்.

இங்கதான் சிக்கல். எட்டாப்பு படிக்கும்போது கூடப் படிச்சவன் ஒருத்தன் சித்தாத்துக் கசத்துல போயிட்டான். அன்னைலேருந்து அம்மா சொன்னது, "எங்க வேணா குளி, ஆழத்தை மட்டும் எட்டிப் பாக்காத." முப்பது வருஷமா பாக்கலை. இப்போ கண்ணாடி மாட்டிக்கிட்டு குனிஞ்சா, பச்சையா, அதுக்குக் கீழ கருப்பா... அடியே தெரியலை. முதல் வாரம் அஞ்சு எண்றதுக்குள்ள தலை தானா மேல வந்துரும்.

சரி பண்ணினது மூச்சுதான். உள்ள மூச்சைப் பிடிச்சு வைக்காம, மூக்கு வழியா குமிழி விட்டுக்கிட்டே இருக்கணும். பிடிச்சு வச்சா கரியமில வாயு சேந்து, 'மேல போ, மேல போ'ன்னு உடம்பு கத்தும். விட்டுட்டா அந்தப் பதட்டம் பாதி அடங்கிருது. மூச்சு எடுக்க தலையைத் தூக்கக் கூடாது. உடம்போட சேந்து பக்கவாட்டுல திரும்பணும், ஒரு கண் தண்ணியிலயே இருக்கற மாதிரி. ரெண்டு வாரம் இது ஒண்ணுதான். மேலேருந்து பாத்த சித்தப்பா, "என்னடே, பொணம் கணக்கா குப்புறக் கெடக்க?"ன்னார்.

ஆனா பலன் இருக்கு. கரைக்குக் கரை 14 கை வீச்சு ஆனது இப்போ 10. காலை மெதுவாத்தான் ஆட்டறேன், சைக்கிளுக்கு அது வேணுமே. நிக்காம 60 தடவை போக முடியுது, அதாவது 600 மீட்டர்.

பேர்லயே குற்றாலத்தை வச்சிருக்கற குற்றாலீஸ்வரன், 1994ல பாக் நீரிணை, இங்கிலீஷ் கால்வாய்னு ஒரே வருஷத்துல ஆறு கடல்பகுதி நீந்தினார். அதுக்கு முன்ன மிஹிர் சென் 1966ல அஞ்சு. கால்வாய் தாண்டினப்போ குற்றாலீஸ்வரனுக்கு வயசு 12! எங்க தெருவுல அவரை அப்பவே ஊர்ப்பையனாத் தத்தெடுத்துக்கிட்டாங்க.

திறந்த வெளித் தண்ணியில அடியில கோடு கிடையாது. ஆறேழு கை வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் மேல கொண்டுவந்து திசை பாத்துக்கணும். நம்ம பழைய கிணத்து ஸ்டைல் இந்த ஒரு நொடிக்கு ரொம்ப உதவுது. 10 மீட்டர் கிணத்துல இதுக்கு வேலையே இல்லதான். இருந்தாலும் படிக்கட்டுல ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டு, அதைப் பாத்துப் பாத்து பழகிக்கிட்டிருக்கேன்.