உருளைக்கிழங்குக்கு பிரெஞ்சில் என்ன?

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை சீசனுக்கு வாடகைக்கு விடுவோம். ஏப்ரல், மே வந்துவிட்டால் நானும் தம்பியும் சமையலறையில் பாய் விரித்துப் படுப்போம். எங்கள் கட்டிலில் யாரோ தூங்குவார்கள். வெந்நீர் ஆளுக்கு ஒரு பக்கெட். இரண்டாவது பக்கெட் கேட்பவர்களைப் பற்றி அம்மா அடுப்படியில் நின்று சொல்வதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் பிரான்ஸில் மதாம் வீட்டுக்குப் போன முதல் நாள், குளியலறைக்குள் போன வேகத்தில் நாலே நிமிடத்தில் வெளியே வந்தேன். "தண்ணீர் வரவில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டார் அவர்.

அது 2018 செப்டம்பர். எங்கள் மலையில் பன்னிரண்டு வருடம் கழித்துக் குறிஞ்சி பூத்திருந்த நேரம். மன்னவனூரில் இருந்த கொஞ்சம் பூண்டு நிலத்தை ஒத்திக்கு வைத்துத்தான் அப்பா என்னை அனுப்பினார். ஒரு வருடம் பிரெஞ்சு படித்து வந்தால் டீச்சர் வேலையோ, டூரிஸ்ட் கைடு வேலையோ கிடைக்கும் என்பது கணக்கு. ஊர் கிரெனோபிள். ஆல்ப்ஸ் மலை ஊர் என்று ஸ்வெட்டர் அடுக்கிக்கொண்டு போனால், சுற்றிலும்தான் மலை. ஊர் பள்ளத்தில் தட்டையாகக் கிடக்கிறது. ஏழாயிரம் அடியில் பிறந்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இந்தியாவில் இருந்து வருகிறவள் குளிரில் விறைத்துவிடுவாள் என்று மதாம் எனக்காக மூன்று கம்பளி எடுத்து வைத்திருந்தார். ஜனவரியில் மங்கி குல்லாவோடு நான் ஸ்கூலுக்குப் போகும் போட்டோவைக் காட்டியதும் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு ஹீட்டர் எப்போதும் 19 டிகிரியில்தான் இருக்கும். ஒரு டிகிரி ஏறாது. எங்கள் வீட்டில் வெளியே என்ன குளிரோ, உள்ளேயும் அதேதான். எனக்கு அது சொர்க்கம்.

பிரெஞ்சு எனக்குப் புதிதில்லை. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி +2 படித்தபோது, மார்க் அள்ளலாம் என்று தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. 200-க்கு 194. அந்த 194, பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கக்கூட உதவவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுபது என்றால் 'அறுபது பத்து'. தொண்ணூற்றேழு என்றால் 'நாலு இருபது பதினேழு'. கடைக்காரம்மா விலை சொல்லி, நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். உள்ளங்கையில் சில்லறையை விரித்து நீட்டிவிடுவேன், எடுத்துக்கொள்ளட்டும் என்று.

முதல் ராத்திரி மதாம் செய்தது அந்த வட்டாரத்தின் பெருமை: உருளைக்கிழங்கை வட்டமாகச் சீவி, பாலும் க்ரீமும் ஊற்றி, அவனில் வேகவைப்பது. பாத்திரத்தில் முதலில் ஒரு பூண்டுப் பல்லைத் தேய்ப்பார்கள். தேய்ப்பதோடு சரி! நான் கொண்டுபோயிருந்த மலைப்பூண்டில் இரண்டு பல்லை நசுக்கிப் போடச் சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றரை போட்டார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது முறை கரண்டியை எடுத்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்பதை அப்படியே பிரெஞ்சாக்கி, "நான் நிறைந்திருக்கிறேன்" என்றேன். மதாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பசு, பூனை சினையாக இருந்தால்தான் அங்கே அப்படிச் சொல்வார்களாம்.

டிசம்பர் செமஸ்டரில் பேச்சுத் தேர்வில் ஃபெயில் ஆனேன். வகுப்பில் எழுதுவேன்; வாயைத் திறந்தால் வார்த்தை வராது. வீட்டுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒத்திப் பணத்தில் பாதி அதற்குள் கரைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் அம்மா வருவார். அங்கே மதியம், இங்கே சாயங்காலம். ஜனவரியில் ஒருநாள் மதாமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். "பிள்ளை ஒழுங்கா சாப்பிடுதா?" என்று அம்மா. "நன்றாக" என்று மதாம். "வெந்நீரை ரொம்பச் செலவு பண்ணுதா?" இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதன்பிறகு மதாம் ஒரு நீளமான வாக்கியம் பேசினார்: டிசம்பரில் தோற்றதற்கு உன் மகள் தினமும் அழுகிறாள், நீங்கள் அவளைத் திட்டாதீர்கள், வீட்டில் இனி நான் அவளைப் பேசவைக்கிறேன், மே மாதம் ஜெயித்துவிடுவாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்.

"நான் நல்லா படிக்கிறேனாம்மா" என்றேன்.

அம்மா போனுக்குள் என்னையே பார்த்தார். "அம்புட்டு நேரம் பேசுனாக. அதுக்கு இம்புட்டுதானாத்தா?"

மொழி தெரியாதவர்களை ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு முட்டாள்தனம். எங்கள் வீட்டில் வந்து தங்கிய எத்தனையோ வெள்ளைக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்தே சாம்பாரில் காரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொன்னவர் என் அம்மா. முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. மே வரைக்கும் தங்குறதுக்குக் கூடக் காசு கேப்பாகளா?" என்றார். அப்பாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னாரா, எப்போது சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மதாம் வாக்குத் தவறவில்லை. சாப்பாட்டு மேஜையில் பேசினால்தான் ரொட்டிக்கூடை நகரும். என்னை 'நீ' என்று கூப்பிடு, அப்போதுதான் நாக்கு இளகும் என்றார். எழுபது தாண்டியவரை எப்படி? பெரியவர்களில் நான் 'நீ' சொல்வது அம்மாவை மட்டும்தான். பாதி வாக்கியம் 'நீ' என்று தொடங்கி 'நீங்கள்' என்று முடியும்.

மே மாதம், தேர்வுக்கு முந்திய ஞாயிறு, காரில் சலேத் மலைக்குக் கூட்டிப்போனார். கொடைக்கானலில் 1866-இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய சலேத் மாதா கோயிலின் பெயர் அந்த மலையிலிருந்து வந்ததுதான். ஆகஸ்ட் 15 தேரை எங்கள் தெருவில் எல்லா மதத்தவரும் போய்ப் பார்ப்போம். அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயர் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அங்கே மதாம் கதை சொன்னார். 1846-இல் மாடு மேய்த்த இரண்டு குழந்தைகளுக்கு மாதா காட்சி தந்து, உருளைக்கிழங்கு விளைச்சல் அழுகப்போவதைப் பற்றி பிரெஞ்சில் பேசினாராம். 'போம் து தேர்' என்ற வார்த்தை அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. 'மண் ஆப்பிள்' என்று அர்த்தம். அந்த வட்டார மொழியில் அதற்கு வேறு பெயர். புரியவில்லை என்று தெரிந்ததும், மாதா அவர்கள் மொழிக்கு மாறிப் பேசினார் என்கிறது கதை. பிரான்ஸிலேயே பிறந்த பிள்ளைக்கு பிரெஞ்சு வரவில்லை! எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்லி முடியாது.

(தேர்வில் ஜெயித்தேன். சுமாரான மார்க்தான். நிலத்தைத் திருப்ப இன்னும் மூன்று வருடம் ஆனது.)

திரும்பும்போது காரில் மதாம் கேட்டார், "உன் மொழியில் அதற்கு என்ன பெயர்?"

"உருளைக்கிழங்கு."

"உர்லெ... கிலங்."

"ழ. கிழங்கு."

"கிரங்?"

மலை இறங்கிச் சமவெளி வரும்வரை, ஒவ்வொரு வளைவிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். கடைசிவரை வரவில்லை.