உதகைக் குளிரில் ஒரு குமரித் தோப்பு

மலையரசி உதகையின் எழிலைப் புகழாதார் யார்? கோடை வந்துவிட்டால் நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வந்து, இதன் மலர்களையும் ஏரியையும் கண்டு மகிழ்ந்து செல்கின்றனர். ஆனால் வந்து பார்த்துவிட்டுப் போவது வேறு; வந்து தங்கி வாழ்வது வேறு. சமவெளியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆடி மாதச் சாரலில் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு சன்னல் வழியே யூகலிப்டஸ் மரங்களைப் பார்க்கும்போது, வீட்டுக் கொல்லையில் குலை தள்ளி நிற்கும் வாழைதான் எங்கள் மனக்கண்ணில் தோன்றும்.

மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் ஏறி 46 கிலோமீட்டர் வந்தால் உதகை. இந்தச் சிறிய தூரத்துக்குள் எத்தனை மாற்றம்! கல்லாறு வரை பாக்குத் தோப்புகள். மேலே பர்லியாறு பக்கம் பலாவும் மங்குஸ்தானும் கிராம்பும் விளைகின்றன. குன்னூரை நெருங்கும்போது தேயிலை. உதகைக்கு வந்து சேர்ந்தால் சைப்ரசும் யூகலிப்டசும்தான். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்று அறிவியலில் படித்தோம். உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். பெருக்கிப் பார்த்தோம், கடற்கரையைவிட இங்கு 14.5 டிகிரி குறைவு. தென்னைக்கோ ஆண்டுச் சராசரியாக 27 டிகிரி வெப்பம் இருந்தால்தான் மகிழ்ச்சி! ஆக, உதகையில் தென்னை வளராததற்கு யாரும் காரணமில்லை. மலையின் உயரம்தான் காரணம்.

இந்தக் கணக்கை நாங்கள் போட்டது ஒரு சிறுமிக்காக. சென்ற ஜூன் மாதம் குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த தங்கை அவள். கடல்தொழில் செய்யும் அவள் தந்தை, விடுதிச் சமையலுக்கென்று ஒரு சாக்கு நிறையத் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விடுதிப் பொறுப்புச் சகோதரி அதைக் கண்டபோது கடிந்துகொள்ளவில்லை. “இங்கே குளிரும் மகளே, சமையலறையில் வைப்போம்” என்று விறகடுப்புச் சுவரின் மறுபுறம் ஒரு மண் தொட்டியில் பதித்து வைத்தார். அந்தச் சுவர் இரவும் பகலும் வெதுவெதுப்பாக இருக்கும்.

அவளோ நாள்தோறும் மாலையில் அந்தத் தொட்டியின் அருகில் போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பாட்டில் நாட்டமில்லை. விளையாட்டிலும் சேர்வதில்லை. “கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்க்கா” என்று எங்களிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் தாயும் தந்தையும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். மகளாவது படிக்கட்டும் என்று இவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள். அவள் திரும்பாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணி எங்கள் ஆசிரியைகளும் கவலை கொண்டார்கள்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு மாணவியருக்குத் தோட்டத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படும். இவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்தது சமையலறைக்குத் தெற்கே உள்ள இடம். 30 அடி நீளம், 12 அடி அகலம். வழக்கம்போல் டேலியாவும் பான்சியும் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, “நம் ஊர்த் தோப்பு போல ஒன்று செய்தால் என்ன?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். விடுதி மாணவியர் அனைவரும் கைதட்டினோம்.

உதகையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தோழியர் மட்டும் கைதட்டவில்லை. “எங்கள் மலையில் என்ன குறை? நாங்கள் கோயம்புத்தூருக்குப் போனால் எங்களுக்கு இந்தப் பனிதான் நினைவுக்கு வரும்” என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரவர்க்கு அவரவர் மண் பெரிது அல்லவா?

எங்கள் பள்ளியில் பல ஆண்டுகளாகத் தோட்ட வேலை செய்யும் தாத்தாவிடம் யோசனை கேட்டோம். அவர் சிரித்தார். “தென்னையைக் கொண்டாந்து இங்க பிழைச்சுக்கோன்னு சொன்னா அது என்னம்மா செய்யும்? தென்னை மாதிரி இருக்கிற செடி இந்தக் குளிருலயே இருக்கு. அதைத் தேடுங்க” என்றார். எங்கள் தோட்டத்தின் கொள்கை முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கிவிட்டது.

அடுத்து அறிவியல் ஆசிரியை எங்களை ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். வெப்ப நாட்டுத் தோப்பு என்றதும் கண்ணுக்குத் தெரிவது எது? பெரிய அகன்ற இலைகள். இறகு போல் பிரிந்த ஓலைகள். விசிறி போன்ற மட்டைகள். மரத்தைத் தழுவிய கொடிகள். சிவப்பு, மஞ்சள் எனப் பளிச்சிடும் நிறங்கள். தரை தெரியாத அடர்த்தி. இவற்றில் எதற்கும் வெப்பம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலையின் வடிவம்தான் வேண்டும். குளிரைத் தாங்கும் செடிகளிலும் அந்த வடிவங்கள் உண்டு.

ஒரு சனிக்கிழமை அரசு தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். 1848ஆம் ஆண்டில் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவர் அமைக்கத் தொடங்கிய அப்பூங்கா, ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்புடையது. அங்கே பெரணி இல்லத்தைக் கண்டு வியந்து நின்றோம். பெரணி மரத்தின் உச்சியிலிருந்து ஓலைகள் குடை போல் விரிந்திருந்தன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இளந்தென்னை என்றே எண்ணத் தோன்றும்! இம்மரம் எந்த அயல்நாட்டிலிருந்தும் வந்ததன்று. நீலகிரியின் சோலைக்காடுகளிலேயே ஓடையோரங்களில் வளர்வது. “பார்த்தீர்களா, உங்கள் தென்னைக்கு எங்கள் மலையில் ஒரு தங்கை இருக்கிறாள்!” என்று உதகைத் தோழி பெருமையுடன் கூறினாள். அன்று முதல் அவளும் எங்கள் குழுவில் சேர்ந்துகொண்டாள். காட்டிலிருந்து செடிகளைப் பெயர்ப்பது தவறு. ஆதலால், கைவேலைப் பொருட்காட்சியில் கிடைத்த பணத்தைக் கொண்டு நாற்றுப் பண்ணையில் இரண்டு பெரணிக் கன்றுகள் வாங்கினோம்.

வாழைக்கு என்ன செய்வது? எத்தியோப்பியா நாட்டின் குளிர்ந்த மேட்டுநிலங்களில் வளரும் ஒருவகை வாழையினம் உண்டு. என்செட் என்பது அதன் பெயர். அதன் பழம் உண்ண உதவாது. அந்நாட்டு மக்கள் அதன் அடித்தண்டையும் கிழங்கையும் பக்குவம் செய்து உணவாக உண்கின்றனர். அதில் இடுப்பளவு உயரக் கன்று ஒன்று கிடைத்தது. வாழையிலை போன்ற இலையும் செந்நிற மலரும் உடைய கல்வாழையைத் தாத்தா கொடுத்தார். சேம்பிலைக்குப் பதிலாக, இம்மலையில் ஓடையோரம் தானாகவே வளரும் கேலா லில்லி. சுவரில் படர பேஷன் பழக்கொடி. மூலையில் அகன்ற இலைகளோடு ஒரு மரத்தக்காளி. நடுவில், சீனத்து மலைகளைச் சேர்ந்த விசிறிப் பனை ஒன்று. இது பனியையும் தாங்கும் பனை.

அந்தப் பனையை நட்ட அன்று குமரித் தங்கையும் வேடிக்கை பார்க்க வந்தாள். அதன் தண்டைச் சுற்றியிருந்த பழுப்பு நாரைத் தொட்டுப் பார்த்தவள், “அக்கா, இதுக்கும் பன்னாடை இருக்கே!” என்று கூவினாள். அவள் வாய்விட்டுக் கூவியதை நாங்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். மறுநாள் முதல் தண்ணீர் ஊற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட ஆசை எங்களுக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். நூலகத்தில் தேடியபோது உண்மை தெரிந்தது. இங்கிலாந்தில் கிரேட் டிக்ஸ்டர் என்னும் இல்லத்தில் வாழ்ந்த கிறிஸ்டோபர் லாயிட் என்ற தோட்டக்கலை எழுத்தாளர், 1993ஆம் ஆண்டில், தம் 72ஆம் வயதில், பழைய ரோஜாத் தோட்டத்தை அகற்றிவிட்டு அங்கே வாழையும் கல்வாழையும் நட்டார். புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டம் அது! பலர் திகைத்தனர். ஆனால் அத்தோட்டம் புகழ்பெற்றது. அங்கே குளிர்காலத்தில் வாழைத் தண்டுகளைப் பெரணித் தழைகளால் போர்த்திப் பாதுகாக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் குடிசை முன், சீடர் ஒருவர் கொடுத்த வாழை வளர்ந்தது. அந்த வாழைக்கு ஜப்பானிய மொழியில் பாஷோ என்று பெயர். அதையே கவிஞர் தமக்குப் பெயராக வைத்துக்கொண்டார். உண்ணத்தக்க பழம் தராத அவ்வாழை, ஒரு கவிஞருக்குப் பெயர் தந்துவிட்டது!

செடிகளை நட்டால் மட்டும் போதுமா? உதகையின் உறைபனி இருக்கிறதே! டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இலைகளுக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசுக்கள் சிதைந்து, காலையில் இலை கருகிப்போகும். இதை எண்ணியே தாத்தா எங்களைப் பள்ளமான இடத்தில் நடவிடவில்லை. எங்கள் இடம் மேட்டில் உள்ளது. தெற்கு நோக்கிய சமையலறைச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்லக் கொடுக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் செடிகளின் அடியில் சருகும் எருவும் குவித்தோம். பூங்காக்களில் செய்வது போலவே, கோத்தகிரி மிலார்த் தழைகளைக் கொண்டு மாலையில் மூடி, காலையில் வெயில் வந்ததும் திறந்தோம். எத்தியோப்பிய வாழைக்கு மட்டும் வைக்கோலும் சாக்கும் சுற்றினோம். கம்பளிக்கோட்டு அணிந்த வாழை என்று சிறுவகுப்புத் தங்கையர் அதைக் கேலி செய்தார்கள்.

இதற்கிடையே, அடுப்புச் சுவர் அருகே இருந்த தேங்காய் முளைவிட்டு இரண்டு இலைகளும் விட்டிருந்தது. அதைத் தோட்டத்தின் நடுவில் நட வேண்டும் என்று அவள் மன்றாடினாள். வெளியே வைத்தால் ஒரு பனி இரவுகூடத் தாங்காதே! அழுவாளே என்று அஞ்சினாலும், பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 14.5 டிகிரிக் கணக்கை அவளுக்கும் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் பேசாமலிருந்தவள், “அப்போ இதை ஊருக்கே கொண்டுபோறேன்” என்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புறப்பட்டபோது, ஈரச் சாக்கில் சுற்றிய தென்னம்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருந்தாள். திரும்பி வருவாளா என்று அவளிடம் கேட்க எங்கள் யாருக்கும் துணிவு வரவில்லை.

விடுமுறை நாள்களில் உதகைத் தோழியரும் தாத்தாவும் முறை வைத்துச் செடிகளை மூடித் திறந்து காத்தார்கள். அப்படியும் ஒரு கடும்பனி இரவில் ஓரத்திலிருந்த கல்வாழைகளும் மரத்தக்காளியின் நுனிகளும் கருகிவிட்டன. ஜனவரியில் திரும்பி வந்து கண்டதும் எங்கள் முகம் வாடியது. தாத்தா மண்ணைச் சிறிது விலக்கிக் காட்டினார். “இலைதாம்மா போச்சு. கிழங்கு நல்லா இருக்கு” என்றார்.

பள்ளி திறந்த முதல் நாள் அந்தத் தங்கை வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், தலையில் துண்டைச் சுற்றிக் குளிரில் நடுங்கியபடி அவள் தந்தை வாயிலில் நின்றார். அருகில், கையில் கருப்பட்டிப் பெட்டியோடு அவள்! “பிள்ளையை வீட்டுக்குக் கிழக்கே நட்டாச்சு” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, தந்தையின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துச் சென்றாள். விசிறிப் பனையின் நாரைத் தொட்டுப் பார்த்த அவர், “ஆமா, பன்னாடைதான்” என்றார்.

தோட்டத்தால்தான் அவள் திரும்பினாள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவள் தாய் சொன்ன புத்திமதியும் இருக்கலாம். தோழியரின் நினைவும் இருக்கலாம். இரவில் அவள் இன்னும் சில நாள்கள் அழத்தான் செய்கிறாள். ஆனால் மாலையில் இப்போது சமையலறை மூலையில் உட்காருவதில்லை. பூவாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுகிறாள்.

விரைவில் நாங்கள் பொதுத் தேர்வு எழுதி விடைபெறுவோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, இத்தோட்டம் இனி உங்கள் பொறுப்பு. பெரணி மரங்கள் மெதுவாகத்தான் வளரும், பொறுமையாயிருங்கள். கோடையில் அவற்றின் அடியில் ஈரம் காயவிடாதீர்கள். கார்த்திகை பிறந்ததும் மிலார்த் தழை சேர்த்து வையுங்கள். ஜூன் மாதம் விடுதிக்குப் புதிதாக வரும் சின்னஞ்சிறு தங்கையரை முதல் நாளே இங்கே அழைத்து வந்து, ஆளுக்கொரு செடியைக் காட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி