குறை சொல்லி விற்ற லாரி

கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்குக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். பிடுங்கி வெளியே போட்டுவிட்டால் இரண்டு நாள்கூடப் பொறுக்காது. உள்ளே கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும், மாவுச்சத்து இறங்கும். ஆத்தூர், சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் கிழங்குக்கு விலை வைப்பது எடையை மட்டும் கொண்டல்ல. மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கிலேயே விலை பேசுவார்கள். ஆகவே வெள்ளிமலையில் காலையில் பிடுங்கிய கிழங்கு, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாக மறுநாளுக்குள் ஆலை வாசலை அடைந்தாக வேண்டும். எங்கள் குடும்பத்து வாணிபம் முழுவதும் இந்த ஒன்றரை நாள் ஓட்டத்தில்தான் அடங்கியிருந்தது.

நெடுங்காலம் வாடகை லாரியிலேயே காலம் தள்ளினோம். 2013-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒருமுறை, வருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. வேறிடத்தில் கூடுதல் வாடகை கிடைத்ததென்று போய்விட்டது. மலையில் ஒன்பது டன் கிழங்கு மூன்று நாள் வெயிலில் கிடந்தது. ஆலையில் கிடைத்த பணம், பயிரிட்ட மலைவாழ் மக்களுக்குக் கொடுக்க வேண்டியதற்கே போதவில்லை. அன்றிரவு அத்தா, "நம் சரக்குக்கு நம் வண்டி வேண்டும்" என்றார். அந்தக் காலத்து லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று எழுதியிருக்கும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாடகைக்கு ஓடும் லாரிக்கு அந்தப் பெயர். தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்குத் 'தனியார் கேரியர்' என்று வேறு அனுமதி. 1989 ஜூலையில் புதிய சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்தப் பாகுபாடு போயிற்று. ஆனால் அத்தாவின் பேச்சில் மட்டும் கடைசிவரை அது போகவில்லை. "நமக்கு வேண்டியது தனியார் கேரியர்" என்பார்.

புது லாரி வாங்க வேண்டுமானால் கடன் வாங்க வேண்டும், கடனென்றால் வட்டி. அந்தப் பேச்சை எடுக்கவே அத்தா விடவில்லை. கையிருப்பு, மச்சானின் பங்கு, என் மனைவியின் வளையல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆறரை லட்சம் ரூபாய் தேறிற்று. அதற்குப் பழைய லாரிதான் கிடைக்கும். 2014-இல் மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் போனோம். லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. பழைய வண்டிகளுக்கும் அங்கே குறைவில்லை. நீண்ட டிரெய்லர் வண்டியொன்றைக் காட்டி, "சொற்ப விலை" என்று ஆசை காட்டினார் தரகர். வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளை அவர் பார்த்ததில்லை போலும். எங்களுக்கு வேண்டியது ஆறு சக்கர லாரி. மொத்த எடை 16.2 டன்னுக்கு மிகாதது.

ஒன்பது வயதான வண்டி ஒன்று பிடித்தது. மேஸ்திரி எஞ்சினை முடுக்கிப் புகையின் நிறம் பார்த்தார். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கிரவுன் சத்தம் கேட்டார். ரீட்ரெட் செய்த டயர்கள் எத்தனை என்று எண்ணினார். நான் ஆர்.சி. புத்தகத்தின் எண்ணும் சேஸில் வெட்டிய எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். வரி, காப்பீடு, தகுதிச் சான்று, கடன் தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கொடுத்த கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்டில் சேஸ் பளபளத்தது. அது எங்களுக்குச் சந்தேகத்தைத் தரவில்லை, மகிழ்ச்சியைத்தான் தந்தது!

அத்தா மட்டும் விற்பவரிடம் நேராகக் கேட்டார்: "வண்டியில் என்ன குறை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்."

"ஒரு குறையும் இல்லை, பாய். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்" என்றார் அவர்.

இரண்டாம் மாதம், வெள்ளிமலையிலிருந்து முழுப் பாரத்துடன் இறங்கும்போது பின்புறம் ஏதோ 'டக்'கென்று கேட்டதென்று டிரைவர் வண்டியை மலையோரம் அணைத்து நிறுத்திவிட்டார். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடை வைத்துவிட்டுக் கீழே நுழைந்து பார்த்தார். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கருக்கு மேலே சேஸ் விரிந்திருந்தது. புது விரிசல் அல்ல. முன்பே விரிந்து, வெல்டு வைத்து, தேய்த்து, பெயிண்ட் பூசி மறைத்த இடம். இன்னும் நான்கைந்து வளைவுகள் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்த டிரைவர் எங்களிடம் சொல்லவேயில்லை. அவருக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றார். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றான் வணிகன். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் பெருமானார். அதை அந்த மனிதருக்குச் சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்.

பேருந்தில் வரும்போது சொன்னார்: "அவனைத் திட்டாதே. இந்த வண்டியை நீ விற்கும் நாளில் உன் வாயைப் பார்க்கிறேன்."

சேஸை முறையாகச் சரி செய்தோம். வெறும் வெல்டு நிற்காது. உள்பக்கம் நீளமான இரும்புப் பட்டையைக் கொடுத்து, துளையிட்டு, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். செலவு கொஞ்சநஞ்சமல்ல. அதன்பின் ஐந்து பருவம் அந்த லாரி எங்களைக் காப்பாற்றியது. பாரத்தை மட்டும் எட்டு டன்னுக்கு மேல் ஏற்றவில்லை. பிடுங்கிய கிழங்கு ஒருநாளும் மலையில் கிடந்ததில்லை. 2017-இல் அத்தா மவுத்தானார்கள்.

2019-இல் விற்க முடிவு செய்தோம். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். "அடியில் அந்தப் பட்டை, போல்ட்டு மேலேயும் அடித்துவிடவா?" என்று கேட்டான். "அடித்துவிடு" என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான்.

வாங்க வந்தவன் தியாகதுருகம் பக்கத்து இளைஞன். சொந்தமாக நெல் வியாபாரம், முதல் லாரி. புகையைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், தாள்களைப் பார்த்தான். அடியில் குனிந்து பார்த்து, "சேஸ் புதுசு மாதிரி இருக்கிறதே, பாய்!" என்று மகிழ்ந்தான். குறை என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் முன்பணம் தருவதாகச் சொல்லிப் போனான்.

அன்றிரவு மச்சானிடம் மனத்தைத் திறந்தேன். அவர் கோபிக்கவில்லை, நியாயமாகவே பேசினார். "நாம் நன்றாகச் சரி செய்திருக்கிறோம். 'உள்ளபடி விற்கிறோம், எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை' என்று எழுதிவிடுவோம். நம் மத்ஹபில் அதற்கு இடமுண்டு."

உண்மைதான். ஹனபி சட்டத்தில் அவ்வாறு விற்பது செல்லும். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "வியாபாரம் கூடும், தம்பி. தெரிந்த குறையை மறைத்த பாவமும் கூடவே வரும்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அஸருக்கு ஒளுச் செய்யப் போய்விட்டார்.

மச்சானுக்கு இது போதவில்லை. "உன் பங்கில் நீ எந்தத் தர்மமும் செய். என் பங்கிலிருந்து செய்யாதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விலையில் எவ்வளவு குறைந்தாலும் என் பங்கிலேயே கழித்துக்கொள்வதென்று பேசி முடித்தோம்.

இளைஞன் வந்ததும் அவனை வண்டிக்கடியில் அழைத்துப் போய், உளியால் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினேன். எங்கே விரிந்தது, என்ன செய்தோம், எத்தனை டன் ஏற்றினோம் எல்லாம் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. முன்பணத்தை மறுபடி பையில் வைத்துக்கொண்டான். "மூன்று நாள் எடுத்துக்கொள். உன் மேஸ்திரியை அழைத்து வந்து பார். வேண்டாமென்றால் வருத்தமில்லை" என்றேன். வாங்குபவர் மூன்று நாள் தவணை கேட்டுக்கொள்ளலாம் என்பது நம் சட்டநூல்களில் உள்ள பழைய ஏற்பாடு.

இரண்டு நாள் ஆளையே காணோம். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே கேட்டது போலிருந்தது. மூன்றாம் நாள் லுஹருக்குப் பின் கிழட்டு மேஸ்திரி ஒருவருடன் வந்தான். அவர் ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு இருவரும் புளியமரத்தடியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அறுபதாயிரம் குறைத்துக் கேட்டான். கொடுத்தேன். என் மனைவிக்கு வாங்கித் தருவதாக இருந்த வளையல்கள் இன்னும் வாங்கப்படவில்லை. அவள் இதுவரை அதைப்பற்றிக் கேட்டதுமில்லை.

சில மாதங்களுக்குப் பின் சின்னசேலத்து எடைமேடையில் அந்த லாரியைக் கண்டேன். புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தான். குனிந்து பார்த்தேன். சேஸில் ஒட்டுப் போட்ட அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை, கிரீஸ் தடவியிருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும், பாய்" என்றான் அவன். "திரும்ப விரிந்தால் டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!"