எண்ணுக்குள் ஒரு சாட்சி

ஒரு மேசையில் ஓர் எழுதுவினைஞர் அமர்ந்து வரிசை இலக்கம் வழங்கும்வரை, ஒரே இலக்கம் இருவர்க்குச் செல்வதில்லை. மேசைகள் பத்தாகி, வெவ்வேறு கட்டடங்களில் அமைந்துவிட்டால் யாது செய்வது? ஓர் இணையத்தளத்தைப் பல சேவையகங்கள் சேர்ந்து நடத்தும்போது எழும் வினா இதுவே. ஒருவர் அனுப்பிய செய்தி மற்றொருவர் கணக்கிற் சேர்ந்துவிடுமாயின் அது வெறும் எண்பிழை அன்று.

புகைப்படத் தளமான பிளிக்கர் எளிய வழியொன்றைக் கையாண்டது. இரு தரவுத்தளங்களுள் ஒன்று ஒற்றை எண்களையும் மற்றையது இரட்டை எண்களையும் மட்டுமே வழங்கும். இதனினும் நுண்ணியது ருவிற்றர் நிறுவனம் 2010 இல் அறிவித்த 'சினோபிளேக்' முறை. 64 பிட் நீளமுடைய எண்ணில் 41 பிட், மில்லிசெக்கனிற் கணித்த நேரத்தைக் குறிக்கும். 10 பிட், எண்ணைப் பிறப்பித்த பொறியைக் குறிக்கும். 12 பிட், அக்கணத்துள் எழும் வரிசையைக் குறிக்கும். ஒரு பிட் பயன்படுத்தப்படுவதில்லை. இவ்வாறு 1,024 பொறிகள், ஒன்றையொன்று வினவாமலே, ஒரு மில்லிசெக்கனில் தலைக்கு 4,096 எண்களை வழங்கலாம். கடிகாரம் பின்னோக்கி நகர்ந்துவிட்டால், பழைய நேரம் திரும்பும்வரை பொறி எண் வழங்க மறுத்துவிடும். பிழைபட்ட எண்ணினும் மௌனம் மேல் எனப் பொறிக்குக் கற்பித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும் இதிலொரு சங்கடம் உண்டு. எண்ணானது தான் பிறந்த காலத்தையும் இடத்தையும் தன்னுள்ளே சுமக்கின்றது. 128 பிட் கொண்ட யூயூஐடி எண்களின் முதல் வகை, கணினியின் வலையமைப்பு அட்டைக்குரிய முகவரியையே தன்னுட் பொதிந்து வைத்தது. 1999 இல் மெலிசா என்னும் வைரசு பரவியபோது, அதனைச் சுமந்துவந்த வேட் ஆவணத்திற் பதிந்திருந்த இத்தகைய எண்ணைக் கொண்டே அதன் மூலத்தைத் துப்புத்துலக்க முனைந்தனர். நான்காம் வகையிலோ 122 பிட் எவ்வித ஒழுங்குமின்றித் தெரியப்படுகின்றன. எண் எதனையும் வெளிப்படுத்தாது. ஆனால், ஒழுங்கற்றவற்றை அடுக்கிவைக்கத் தரவுத்தளங்கள் இடர்ப்பட்டன. ஆகவே 2024 இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் வகை, நேரத்தை மீண்டும் எண்ணினுட் கொணர்ந்தது, இடத்தைக் கொணரவில்லை.

பொறிகளின் கதையென இதனை ஒதுக்கிவிட இலங்கையர்க்கு இயலாது. தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைக் கண்டவர், அதற்குரியவர் பிறந்த ஆண்டையும் நாளையும் அறிவர். நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருப்பின் அவர் பெண் என்பதையும் அறிவர். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததேயன்றி இவ்வமைப்பு மாறவில்லை. அலுவலக வாயிலிற் காவலாளியின் பதிவேட்டில் அவ்விலக்கத்தை எழுதிவிட்டு உள்ளே செல்லும் பெண்ணொருத்தி, எவரும் கேளாமலே தன் வயதையும் அங்கு எழுதிவிட்டுச் செல்கின்றாள்.