எட்டுக்கு ஒன்று

என் அத்தையைச் சதுரங்கப் பலகை முன்னால் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஜெயித்த எனக்கும் பெருமை இல்லை, தோற்ற அவளுக்கும் சுகம் இல்லை. தாயத்தில் அப்படி இல்லை. எண்பதை நெருங்கும் அவள், எட்டாவது படிக்கும் பேத்தியைச் சரிக்குச் சரி நின்று ஆட்டி வைக்கிறாள். தாயம் வெறும் அதிர்ஷ்டம், அதில் மூளைக்கு வேலை இல்லை என்று சதுரங்கக்காரர்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. அந்த முக்கால்வாசிதான் பாட்டியையும் பேத்தியையும் எதிரெதிரே சமமாக உட்கார வைக்கிறது.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒன்றில் புள்ளியே கிடையாது, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். ஒன்றில் வெறுமை, மற்றதில் ஒரு புள்ளி என்றால் தாயம். அப்படி விழ இரண்டே வழி. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழி, ஆறுக்கும் அப்படித்தான். மூன்றுதான் மலிவுச் சரக்கு, நான்கு வழியில் வந்து விழும். ஆக, தாயம் எட்டுக்கு ஒன்று. அது விழாமல் காயை இறக்க முடியாது. எட்டு முறை உருட்டியும் தாயம் எட்டிப் பார்க்காமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று இந்தக் கணக்கையெல்லாம் ஒருநாள் அத்தையிடம் விளக்கினேன். “கணக்கு கிடக்கட்டும், நீ கட்டைய உருட்டுடா” என்றாள்.

மீதிக் கால்வாசி மூளை எங்கே வேலை செய்கிறது என்பதை அவள் ஆடும்போது பார்க்கலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். பன்னிரண்டு, ஐந்து, இரண்டு என்று அடுக்கி வைத்துக்கொண்டு, எதை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்று யோசிக்கும் இடத்தில் அத்தையின் நெற்றி சுருங்கும். சாக்பீஸால் போட்ட ஐந்துக்கு ஐந்து கட்டம். பெருக்கல் குறி போட்ட கட்டங்கள் மலை. மலையில் இருக்கும் காயை யாரும் தொட முடியாது. அத்தை இரண்டு காயை மலையில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு ஒன்றை மட்டும் வெளியே அலைய விடுவாள். அதைத் துரத்தி வெட்டுகிற ஆசையில் பேத்தி தன் காயை மலையிலிருந்து இறக்குவாள். அடுத்த உருட்டில் போச்சு.

நாலு பேர் ஆடினால் வெட்டுகிற பாவம் பங்காகிவிடும். “அவன் காய் முன்னாடி நிக்குதே, அதை வெட்டு” என்று கை காட்டிவிடலாம். இருவர் ஆட்டத்தில் வெட்ட ஒரே ஆள்தான், அவரும் முகத்துக்கு நேரே. வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக முடியாது என்பது எங்கள் வீட்டு விதி. ஆகவே கருணைக்கும் இடமில்லை. பேத்தி அழப்போகிறாளே என்று அத்தை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. விட்டுக்கொடுத்து ஆடினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அப்புறம் அவர்கள் கூட உட்கார மாட்டார்கள்.

உருட்டுகிற ஆசை நமக்குப் பழையது. கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. அதைக் கண்டிக்கிற வழக்கமும் பழையதுதான். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சகுனி கதை கேட்டு வளர்ந்த பெரியவர்கள், வீட்டில் தாயம் உருட்டினால் சண்டை வரும் என்பார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் மட்டும் கண் விழிப்பதற்காக அதே கட்டையை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்! காசு வைக்காத வரை எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. சண்டை வருவது என்னவோ உண்மை. ஆனால் அது கட்டையால் வருவதில்லை, பேசி வைக்காத விதியால் வருவது. அத்தை பிறந்த ஊரில் ஒரு முறை, புகுந்த ஊரில் இன்னொரு முறை. தனக்கு எது வசதியோ அதை எடுத்துப் போடுவதில் அவள் கெட்டிக்காரி.

கைபேசியிலும் தாயம் இருக்கிறது. விதியை அதுவே பார்த்துக்கொள்கிறது, வாய்ச்சண்டைக்கு வழியில்லை. பத்து நிமிடத்தில் எனக்கு அலுத்துவிட்டது.

நீங்கள் ஆடுவதாக இருந்தால் முதல் உருட்டுக்கு முன்பே மூன்றைப் பேசி முடித்துவிடுங்கள். வெட்டினால் மறு உருட்டு உண்டா? வெட்டாமல் உள்ளே போகலாமா? காய் நடுக்கட்டத்தில் ஏறிப் பழமாவதற்குச் சரியான எண்ணே விழ வேண்டுமா? அடுக்குமாடி வீடென்றால் கட்டை விழும் இடத்தில் ஒரு ஜமுக்காளத்தையும் விரித்துக்கொள்ளுங்கள். பித்தளைச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.