முன்னுரையும் முன்மண்டபமும்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் நாங்கள் கூடினால் முதல் அரைமணி நேரம் சினிமாதான். ராஜாவா ரஹ்மானா என்ற பஞ்சாயத்து இருபது வருஷமாகியும் தீரவில்லை. ராஜா கட்சிக்கு நான்தான் தலைவர். ஆனால் 2022 ஏப்ரலில், அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு புத்தகத்துக்கு அவர் எழுதிய முன்னுரை வெளியே தெரிந்ததும் என் கட்சி ஆட்டம் கண்டுவிட்டது. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்தவர் இப்படி எழுதலாமா என்று தம்பிகள் என்னைத்தான் கேட்டார்கள், ஏதோ நான் எழுதிக்கொடுத்த மாதிரி. ஜூலையில் மாநிலங்களவை நியமன எம்.பி. பதவியும் வந்தது. எனக்குப் பேச வாயில்லை.

2024 டிசம்பர் 15. திவ்ய பாசுரம் நிகழ்ச்சிக்காக இளையராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்தார். ஜீயர்களோடு போனவரை அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அங்கேயே நின்று கோயில் மரியாதையை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது.

ஜோக்குகள் கொட்டின. 'இனி திருப்பாவைக்கும் ராயல்டி கேட்பார்' என்றான் ஒருத்தன். நானும் ஒன்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன்: 'முன்னுரை எழுதியவருக்கு முன்மண்டபம் போதும்.' எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். நாலு வருஷ எரிச்சல் மாதிரி கனத்தது, உண்மையில் இரண்டரை வருஷம்தான்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்லூரியில் படிக்கிறான், நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவான். டீயை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டான்:

"அப்ப மோடியைத் திட்டியிருந்தா உள்ளே விட்டிருப்பாங்களாண்ணே?"

நான் சமாளிக்கப் பார்த்தேன். ஜோக்குதானேடா என்றேன்.

"எங்க தெருவுல யாரும் முன்னுரை எழுதலையேண்ணே" என்றான்.

அதற்குள் இளையராஜாவே பதிவு போட்டுவிட்டார்: தன்னைப் பற்றிப் பரப்புவது வதந்தி, சுயமரியாதையை எங்கேயும் விட்டுக்கொடுப்பவர் தான் இல்லை என்று. சரி. தன்னை யாருக்கும் அடையாளமாக்க வேண்டாம் என்று நினைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவமானப்பட்டேன் என்று ஒப்புக்கொள் என்று அவரை நெருக்குவது நம் வேலை இல்லை. ஆனால் அத்தோடு விவாதமும் முடிந்துவிட்டதாக நடிப்பதை நான் ஏற்கமாட்டேன். அர்ச்சகர், மடாதிபதி போன்றவர்கள் தவிர யாருக்குமே அங்கே அனுமதி இல்லை, விதி எல்லாருக்கும் பொது என்று விளக்கம் வந்தது. விதி பொதுதான். அர்ச்சகராக யார் ஆகலாம் என்பதும் பொதுவாக இருக்கிறதா? அர்ச்சகர் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதை நிறுத்த இங்கே சட்டம் வந்தது 1970இல். முறையாகப் பயிற்சி முடித்துக் காத்திருந்த பல சாதியினருக்கு அரசு பணி ஆணை கொடுத்தது 2021 ஆகஸ்டில். அப்போதும் 24 பேருக்கு. நடுவில் ஐம்பத்தோரு வருஷம், ஆகமத்தைக் காட்டிக் கோர்ட்டில் வழக்கு மேல் வழக்கு.

நாங்கள் பேசியிருக்க வேண்டியது இதை. பேசியதோ அவர் ராயல்டியை, முன்னுரையை. தப்பான அரசியல் பேசியதற்கு வாசல் ஒரு தண்டனை என்று என் ஜோக் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த முன்னுரையை இன்றைக்கும் நான் எதிர்க்கிறேன், எழுதியும் எதிர்ப்பேன். அதற்கான இடம் அந்த வாசல்படி இல்லை.

ஆடிப்பூரத் தேருக்கு எங்கள் அம்மா என்னைக் கூட்டிப் போவாள். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவாள், பால்கோவா வாங்குவாள், பஸ் ஏறுவாள். உள்ளே போகலாம்மா என்றால், "கூட்டமா இருக்குய்யா" என்பாள். கூட்டம் இல்லாத நாளிலும் அதைத்தான் சொன்னாள்.

தம்பி போனபிறகு ஸ்டேட்டஸை அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் பார்த்தேன். ஒன்பது பேர் சிரித்திருந்தார்கள். அதில் நாலு பேர், என் தெருவுக்குள் இதுவரை கால் வைக்காதவர்கள்.