பக்கத்து வீட்டு உத்தரம்

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய கணினியில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பை மூலநிரலிலிருந்தே 14ஆக்க உட்கார்ந்தேன். ‘மேக் பில்ட்வேர்ல்ட்’ என்று தட்டிவிட்டு, லெபோ பாசாரில் ஒரு தே தாரிக் குடித்து, ரொட்டி சானாயும் தின்றுவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிழட்டுப் பெட்டி, என்ன செய்யும்!

புதியதை ஏற்றும்போது அதே பெயரில் உள்ள கோப்புகள்மேல் அது எழுதிக்கொண்டு போகும். பெயர் மாறியவையும் கைவிடப்பட்டவையும் அப்படியே கிடக்கும். பழைய ஹெடர் கோப்பு ஒன்று மிச்சமிருந்தால் போதும், அடுத்து வேறொரு நிரலைத் தொகுக்கும்போது அதை நம்பி மோசம் போகலாம். எதையெல்லாம் கழிக்கலாம் என்று மூலநிரலோடேயே ஒரு பதிவேடு வரும். தேதி போட்டு எழுதிவைத்திருப்பார்கள். ‘மேக் டெலீட்-ஓல்ட்’ அதைப் படித்து, ஒவ்வொரு கோப்பாக நம்மிடம் கேட்கும். நான் ‘ஒய்’, ‘ஒய்’ என்று அழுத்திக்கொண்டே போனேன்.

அந்த வேகத்தில் ‘மேக் டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்’ கட்டளையையும் கொடுத்துவிட்டேன். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளுக்கு மட்டும் தனிக் கட்டளை ஏன் என்று யோசிக்கவில்லை. அடுத்த நிமிடம், நிரல்களை நிறுவித்தரும் ‘பிகேஜி’யே எழுந்திருக்கவில்லை: லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111 காணோமாம். 14இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0 வந்துவிட்டது; லைப்ரரியின் எண்ணும் 111இலிருந்து 30 ஆகிவிட்டது. (புதுசுக்கு எண் குறையும் என்று யார் கண்டார்!) சிஸ்டத்துக்கு அந்த 111 வேண்டாம்தான். ஆனால் நான் வெளியிலிருந்து போட்டுவைத்த நிரல்கள் அதன்மேல்தான் நின்றன. அவற்றை முதலில் புதுப்பித்திருக்க வேண்டும். நல்லவேளை, ‘பிகேஜி-ஸ்டாட்டிக்’ என்று ஒன்று உண்டு. வேண்டியதையெல்லாம் தனக்குள்ளேயே வைத்திருப்பது. அதைப் பிடித்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ராத்திரியாகிவிட்டது.

நான் குடியிருக்கும் கடைவீட்டு மாடியிலும் அதே சங்கதிதான். வரிசையில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இரு பக்கத்து உத்தரங்களும் அதில்தான் ஏறியிருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவில் போனபின் இந்தப் பக்கம் பல வீடுகளில் பழைய குடித்தனங்கள் கிளம்பிவிட்டன. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் எங்கள் ஜார்ஜ் டவுன் சேர்ந்ததும், பூட்டிக் கிடந்தவற்றில் பழுதுபார்ப்பு வேலை தொடங்கியது. இப்போது பக்கத்து வீட்டின் முறை.

மறுநாள் காலை அங்கிருந்து கொத்தனார் படியேறி வந்தார். “அண்ணே, அந்தப் பக்கம் சுவத்தைக் கொஞ்சம் கொத்தணும். உங்க உத்தரம் எங்கெங்க ஏறியிருக்குன்னு காட்டுறீங்களா?”

மேசையை நகர்த்தி அண்ணாந்து காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் கீழும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, டேப் வைத்து அளந்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.